மூன்றாவது தட்டு

சர்வர் மூன்று தட்டுகள் வைத்தார்.

பெவர்லி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஸ்பனில் வந்து இறங்கி நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. விமானத்தில் அடைத்த காது இன்னும் திறக்காததால், ஊரே தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல இருந்தது. செங்குத்தாக இறங்கும் சந்தில், சுவரை ஒட்டிப் போட்ட சின்ன மேஜை. மேலே யார் வீட்டுப் போர்வையோ காய்ந்துகொண்டிருந்தது. கீழே எங்கோ மத்தி மீன் சுடும் புகை, படியேறி வரும் கிழவனைப்போல நின்று நின்று வந்தது. மாலை ஏழரைக்கும் வெளிச்சம் குறையாத ஜூன் மாதம். இங்கே ஒரு தப்பு நடக்கும் என்று யாரும் நினைக்க முடியாத வெளிச்சம்.

ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் அவள் கணவன் நைஜல். சுவரோரத்து நாற்காலி காலி. அதன் முன்னால்தான் மூன்றாவது தட்டு. அதற்கும் ஒரு கத்தி, ஒரு முள்கரண்டி, ஒரு கண்ணாடிக் கோப்பை, மடித்த துணி. எல்லாவற்றையும் வைத்த கிழட்டு சர்வர், நடுவில் ஒரு கூடை ரொட்டியும், ஒரு கிண்ணம் ஆலிவ் காயும், உள்ளங்கை அளவு சீஸும் வைத்தார். இவர்கள் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.

"மூணு தட்டு வச்சிருக்காரு, நைஜல்."

"அதனால என்ன? வயசானவரு, எண்ணிக்கை தப்பியிருக்கும்."

"நாம ரொட்டி கேக்கவே இல்லியே."

"சும்மா குடுக்கறாங்க போல."

"அவரு மூஞ்சியைப் பாரு. சும்மா குடுக்கற மூஞ்சியா அது?"

"பெவ், இதுக்குப் போயி ஒரு ரகளை வேணாம்."

சர்வர் நகரவில்லை. காலி நாற்காலியின் முதுகில் கைவைத்து நின்றார். "வேண்டாம்னா சொல்லிடுங்க. எடுத்துட்டுப் போயிடறேன்." மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஒரு சர்வர் காத்திருக்கிற நேரத்தைவிட அதிகமாகவே காத்திருந்தார்.

"ஐயோ, இருக்கட்டும், இருக்கட்டும். ரொம்ப நல்லாருக்கு," என்றான் நைஜல். ஓர் ஆலிவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

சர்வர் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். போய்விட்டார்.

நைஜலைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் ஊரான ஸ்டாக்போர்ட்டில் யாரும் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. சாம்பல் நிறச் சோபா கேட்டு, கடைக்காரன் கடுகு நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியபோது, இருவரும் அவனுக்குத் தேநீர் கொடுத்து, நன்றி சொல்லி, கதவுவரை வழியனுப்பினார்கள். பதினோரு வருடமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவெட்டுகிற பெண் கண்ணாடியைக் காட்டிப் "பிடிச்சிருக்கா?" என்று கேட்கும்போது பெவர்லி "ரொம்ப" என்பாள். பிறகு காரில் உட்கார்ந்து அழுவாள். எல்லாரும் அப்படித்தான்.

திருமணமாகி முப்பது வருடம். சனிக்கிழமையோடு முப்பது. பயணச்சீட்டு வாங்கியது அவள்தான். மகள் ஆஸ்திரேலியா போனதிலிருந்து, இரண்டு வருடமாக, வீட்டில் பேச்சே கிடையாது. நைஜல் குடிகாரன் இல்லை, கைநீட்டுகிறவன் இல்லை. டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், நேரத்துக்கு வருவான், வாங்கி வரச் சொன்னதை வாங்கி வருவான். அவளைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டான். நெடுநாள் விற்காத சரக்கை முதலாளியின் கண் பார்க்காது. தூசி தட்டும்போதுகூடக் கை மட்டும்தான் அந்தப் பக்கம் போய்வரும். அந்த மாதிரி. இந்த மூன்று நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்து "எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டால் போதும், அவனோடு வீடு திரும்புவது என்று அவள் தனக்குள் முடிவு செய்திருந்தாள். கேட்காவிட்டால், செஸ்டரில் தங்கை மாக்ஸீன் ஓர் அறையை ஒழித்து, மெத்தை போட்டு வைத்திருக்கிறாள். அது நைஜலுக்குத் தெரியாது.

மீன் வந்தது. ஒயின் வந்தது. சர்வர் மூன்று கோப்பையிலும் ஊற்றினார். இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் "நன்றி" என்றார்கள்.

எழுந்திருக்கும்போதுதான் அவள் கவனித்தாள். கூடையில் ஐந்து துண்டு ரொட்டி இருந்தது. அவள் ஒன்று தின்றாள், நைஜல் ஒன்று தின்றான். மீதி ஒன்றுதான் கிடந்தது. மூன்றாவது கோப்பையில் ஒயின் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. மேஜையோடு ஒட்டிக் கிடந்த நாற்காலி லேசாக வெளியே திரும்பியிருந்தது, உடம்பைக் கோணி யாரோ எழுந்துபோன மாதிரி.

திரும்புகிற வழியில் சந்து ஓரிடத்தில் ஓர் ஆள் மட்டும் போகிற அளவுக்குக் குறுகியது. நைஜல் ஒதுங்கி நின்று, முதலில் போகும்படி கைகாட்டினான். எத்தனை வருடமாயிற்று அவன் இப்படிச் செய்து! அவளுக்கு நெஞ்சு இளகியது.

பிறகுதான் உறைத்தது. அவள் ஏற்கெனவே அந்த இடத்தைத் தாண்டி, நாலு படி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை விடுதிக்கார அம்மாள் இடலீனா சிற்றுண்டி மேஜையில் மூன்று கப் வைத்திருந்தார். பெவர்லி ஒன்றும் கேட்கவில்லை. நைஜல் வெண்ணெய்ச் சிமிழைத் தன் இடப்பக்கம் நகர்த்தி வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய வாடை ஒன்று வந்தது. பூச்சாடியில் பூ வாடியபின்னும் யாரும் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. அதன்மேல் முகப்பவுடர் தூவினால் எப்படி இருக்கும், அப்படி.

மஞ்சள் டிராமில் கூட்டம் நெரிந்தது. நடுவில் ஓர் இருக்கை மட்டும் காலி. அவளுக்கு முழங்கால் வலி, உட்காரப் போனாள்.

"பெவ்," என்றான் நைஜல், சன்னல் வழியே வெளியே பார்த்தபடி. "ஆள் இருக்காங்கல்ல."

அவள் கம்பியைப் பிடித்து நின்றாள். வளைவுதோறும் டிராம் கிறீச்சிட்டது. பையைச் சுமந்த கிழவிகள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள், வியர்த்து வழியும் பயணிகள், ஏறினவர் ஒருவர்கூட அந்த இருக்கையில் உட்காரவில்லை. அதைச் சுற்றி ஒரு முழம் இடம்விட்டு நின்றார்கள். யாரும் அதைப் பார்க்கவும் இல்லை.

பழைய டைல்ஸ் அருங்காட்சியகம் நைஜலின் ஆசை. நீலமும் வெள்ளையுமாகச் சுவர் முழுக்கக் கப்பல்களும் மான்களும் குண்டு தேவதைகளும். உள்ளே குளிர்ந்து, காலடிச் சத்தம் பெரிதாகக் கேட்கிற கூடம். நைஜல் பேச ஆரம்பித்தான். மெருகு எப்படி ஏறுகிறது, எந்தச் சூட்டில் நீலம் கறுத்துப்போகும், இதே மாதிரி ஒன்றை ஓர் ஆசாமி இவன் கடையில் அரை விலைக்குக் கேட்டுவிட்டு வாங்காமலே போனது. அவள் இதையெல்லாம் கேட்டதே இல்லை. இத்தனை பேச்சு இவனுக்குள் எங்கே இருந்தது? நடுவில் சிரித்தான். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பை அவள் கடைசியாகக் கேட்டது மகள் பிறப்பதற்கு முன்னால்.

அவளும் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம்போல.

அவள் அவனுடைய வலப்பக்கம் நின்றிருந்தாள். அவன் இடப்பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தான்.

"யார்கிட்ட பேசற, நைஜல்?"

"உன்கிட்டதான்," என்றான் அவன், இடப்பக்கம் பார்த்தே.

*

மதிய வெயிலுக்குப் பயந்து விடுதிக்குத் திரும்பிக் கொஞ்சம் படுத்தார்கள். சன்னலின் மரச் சட்டங்கள் வழியே வெளிச்சம் பட்டைபட்டையாகப் படுக்கையில் விழுந்தது. வெளியே எவனோ ஒரு ஸ்கூட்டரைக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இருமி இருமி அடங்கியது. புறா ஒன்று ஓட்டில் நடந்தது. பிறகு அதுவும் இல்லை. தெருவே கண்மூடிவிட்ட மாதிரி ஓர் அமைதி.

பெவர்லி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நைஜலின் மூச்சு கேட்டது. மூக்கில் லேசான விசில் கலந்த மூச்சு, முப்பது வருடம் பழகியது. தன்னுடைய மூச்சும் கேட்டது.

இன்னொன்றும் கேட்டது.

இருவருக்கும் நடுவில். மெதுவான மூச்சு. உள்ளே போவது கேட்டது. வெளியே வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

அவள் தன் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் நின்றது.

விட்டாள். அதுவும் விட்டது. அவள் பிடரியில் ஈரமாக ஒரு காற்று பட்டது. பூச்சாடித் தண்ணீர். பவுடர்.

அவள் கட்டிலின் விளிம்பில் கிடந்தாள். இன்னும் அரையடி தள்ளினால் தரை. நடுவில் மெத்தை அழுந்தி, பள்ளமாகி, அந்தப் பள்ளம் அவளையும் உள்ளே இழுத்தது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்து அறையில் ஆட்கள் தூங்குவார்கள் என்று நினைப்பு வந்தது. கத்தவில்லை.

பிடிமானத்தை விடாமல், ஒரு கால், இன்னொரு கால். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

இடலீனா அம்மாள் கப்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெவர்லி ஏதேதோ தொடங்கி, தட்டுத்தடுமாறி, உணவகத்தையும் சர்வரையும் மூன்று தட்டையும் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் ஆச்சரியப்படவில்லை. எரிச்சல்தான் பட்டார்.

"ஏன் திருப்பி அனுப்பல?"

"அது... மரியாதையா இருக்காதேன்னு..."

"உங்க ஊர்க்காரங்க எல்லாருமே இப்படித்தான். கால்ல ஆணி குத்துனா ஆணிகிட்ட மன்னிப்புக் கேப்பீங்க." கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இங்க கேக்காமலே மேஜைக்கு வரும், மேடம். ரொட்டி வரும், சீஸ் வரும், எது வேணா வரும். வேணும்னா வச்சுக்கணும், வேண்டாம்னா அனுப்பிடணும். அதுல என்ன கூச்சம்? தொட்டுட்டீங்கன்னா உங்களுது. சின்னப் புள்ளைக்கும் தெரியும். யாரு தொட்டது?"

"அவர்தான். ஒரு ஆலிவ்."

இடலீனா அம்மாள் அதே கப்பைத் திரும்பத் துடைத்தார். "நாளைக்கு மத்தியானம் அதே மேஜைக்குப் போங்க. அவரு வச்ச உடனே, ஒருத்தரும் எதையும் தொடறதுக்கு முன்னாடி, அதிகமா இருக்கறதை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. சிரிக்காம சொல்லணும். நீங்க சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னு சொன்னா, வேணும்னுதான் யாரும் நினைப்பாங்க."

"உங்களுக்கு இது தெரியும்னா, காலைல நீங்க ஏன் மூணு கப் வச்சீங்க?"

அந்த அம்மாள் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார். கொஞ்சம் பரிதாபமும் இருந்தது அதில்.

"மூணு பேரு இறங்கி வந்தா, மூணு கப் வைக்காம?"

*

சனிக்கிழமை. திருமண நாள். இரவு முழுக்க அவள் குளியலறையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருந்தாள். இதை எடுத்துட்டுப் போங்க. இதை எடுத்துட்டுப் போங்க. எத்தனை முறை சொன்னாலும் கடைசியில் உதடு தானாக விரிந்து, ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தாறு வருடத்துச் சிரிப்பு. அதைக் கையால் துடைத்துத் துடைத்து எடுத்தாள்.

நைஜல் சவரம் செய்து, நீலச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். சந்தில் இறங்கும்போது இடது முழங்கையைக் கொஞ்சம் விலக்கி வைத்தபடி நடந்தான், யாரோ கைகோத்துக்கொண்டு வருவதற்குத் தோதாக. பெவர்லி பின்னால் வந்தாள். வழுவழுத்த கல்லில் கால் வழுக்கியது. அவன் திரும்பவில்லை.

மாதாகோவில் மணி பன்னிரண்டரை அடித்தது. அதே மேஜை. பக்கத்து மேஜைகளில் ஆட்கள், பேச்சு, தட்டுச் சத்தம், சுட்ட மீன் வாடை. நல்ல வெயில். இவ்வளவு பேர் நடுவில் என்ன ஆகிவிடும்?

சர்வர் வந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. ரொட்டி. ஆலிவ். சீஸ்.

நைஜலின் கை ஆலிவுக்கு நீண்டது. அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் சர்வரிடம். "இதுல ஒண்ணு அதிகம். எடுத்துட்டுப் போயிடுங்க."

சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை! முதுகுத்தண்டில் ஏதோ நிமிர்ந்தது. வாழ்க்கையில் முதல் முறை. இவ்வளவு சுலபமா? இதைச் சொல்லத் தெரியாமலா கடுகு நிறச் சோபாவில் பதினோரு வருடம்? காலி நாற்காலியை அவள் நேருக்கு நேர் பார்த்தாள். அங்கே வெயில் மட்டும்தான் இருந்தது.

"ஆகட்டும், மேடம்," என்றார் சர்வர். குரலில் மதிப்புகூட இருந்தது. நைஜல் பக்கம் குனிந்தார்.

"எது, சார்?"

நைஜல் சுவரோரத்து நாற்காலியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கண்கள் ஒரு முகத்தின் மேல் மெல்ல இறங்குவதுபோல, நெற்றி, இமை, உதடு என்று இறங்கின.

பிறகு திரும்பினான். பெவர்லியைப் பார்த்தான்.

முழுசாக. இரண்டு வருடத்துக்குப் பிறகு. தலையிலிருந்து, வாரின முடியிலிருந்து, இன்றைக்கென்று போட்ட காதணியிலிருந்து, மேஜைமேல் கிண்ணத்தைப் பிடித்திருந்த கை வரை. அவள் காத்திருந்த பார்வை. அவள் மூச்சு விடவில்லை. கேள், நைஜல். கேளேன்.

அவன் தொண்டையைச் செருமினான். காதுமடல் சிவந்தது. ஆள்காட்டி விரலின் நுனியால் ஒரு தட்டின் விளிம்பைத் தொட்டு, சர்வர் பக்கமாக, சத்தமில்லாமல், ஓர் அங்குலம் தள்ளினான்.

அவள் தட்டு.

"இதுதான்," என்றான். "சிரமம் இல்லேன்னா."

சர்வர் அவள் தட்டை எடுத்தார். கத்தி. முள்கரண்டி. கோப்பை. துணி. அவள் முன்னால் வெறும் பலகை.

"நைஜல்."

அவன் ரொட்டிக் கூடையைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"நைஜல், நான்தான்."

பக்கத்து மேஜைப் பெண் ஒருத்தி இந்தப் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். சர்வரின் கை பெவர்லியின் முழங்கைக்கு அடியில் வந்தது. அழுத்தவில்லை. சும்மா வந்து காத்திருந்தது. கத்தலாம். மேஜையைக் கவிழ்க்கலாம். இத்தனை பேர் சாப்பிடுகிறார்கள். திருமண நாள். வெயில்.

"பரவால்ல," என்றது அவள் வாய். சிரித்தது.

எழுந்தாள்.

சமையலறை வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்த மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுப்புகள். ஆவி. யாரும் நிமிர்ந்து பார்க்காத சமையற்காரர்கள். ஒரு சின்ன நடை. இரண்டு படி கீழே. குளிர். சர்வர் அவள் தட்டை ஓர் அலமாரியில் மற்றத் தட்டுகளோடு அடுக்கினார். ஒரு கதவைத் திறந்து, அவளுக்கு வழிவிட்டார்.

சன்னல் இல்லாத நீண்ட அறை. ஒரே ஒரு பல்பு. பூச்சாடித் தண்ணீரின் வாடை, இங்கே கெட்டியாக. சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள். நாற்காலி தோறும் ஆட்கள். பெண்கள்தான் அதிகம், ஆண்களும் இருந்தார்கள். வெளியே சாப்பிடப் போவதற்காக உடுத்தியவர்கள். முத்துமாலை. கழுத்து டை. நல்ல காலணி. பவுடர் போட்ட முகங்கள். மடிமேல் மடித்த கைகள். பலருக்கு இமை அசையவில்லை.

கதவு மூடிக்கொண்டது.

கோடியில் ஒருத்தி ஒதுங்கி இடம் பண்ணினாள். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். வாயைத் திறந்தபோது ஸ்டாக்போர்ட் பேச்சுதான் வந்தது, அதே ஊர், அதே இழுவை.

"உக்காரும்மா, ஏன் நிக்கற? சனிக்கிழமைல சீக்கிரமே கூப்பிட்டுடுவாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நம்ம ஊர்க்காரங்க மேஜையாப் பாத்து விட்டாங்கன்னா கவலையே இல்ல. அவங்க வேண்டாம்னு சொல்லவே மாட்டாங்க."

பெவர்லி உட்கார்ந்தாள். நாற்காலி சில்லென்றிருந்தது. கைகளை மடித்து மடிமேல் வைத்தாள்.

மேலே, சமையலறையில், ஒரு சின்ன மணி அடித்தது.

அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி நிமிர்ந்தன. பசியோடு.

அவளுடையதும்.